மாமரத்தில் மரத்தூள் கொட்டுகிறதா? நீள்கொம்பு வண்டை அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

உடுமலை, பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஏனுங்க, இத்தனை பெரிய வண்டு ஒண்ணு மாமரத்துல உக்காந்திருக்குது. கொம்பு உடம்பை விட நீளமா இருக்குது. இது தென்னைக்கு வருமுங்களா? மருந்து என்னத்தைங்க அடிக்கறது?"

தென்னைக்கு வராது. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு கறுப்பாக, உருண்டையாக இருக்கும். தலைமேல் கொம்பு ஒன்றுதான். சிவப்புக் கூன்வண்டுக்கு நீண்ட மூக்கு இருக்கும். உடம்பளவுக்கு, சமயத்தில் அதைவிடவும் நீளமாக இரண்டு உணர்கொம்புகள் வைத்திருப்பது நீள்கொம்பு வண்டுக் குடும்பம். உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்டவை மட்டுமே 35,000 இனங்களைத் தாண்டும். இவற்றில் பெரும்பாலானவை பட்ட மரத்தையும் விழுந்த கிளையையும் தின்று மண்ணாக்குபவை. விவசாயிக்கு அவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை. உயிருள்ள மரத்துக்குள் புகுந்து சேதம் செய்பவை சிலதான். அதனால்தான் எந்த இனம் என்று தெரியாமல் மருந்துக் கடைக்குப் போவது வீண் செலவு என்று அழுத்திச் சொல்கிறேன்.

கொங்கு நாட்டுத் தோப்புகளில் முக்கியமான ஒரு இனத்தை மட்டும் இங்கே முழுமையாகப் பார்ப்போம். வேளாண்மைக்காரர்கள் மா தண்டு துளைப்பான் என்று சொல்வது இதைத்தான். அறிவியல் பெயர் பேட்டோசெரா ரூஃபோமாக்குலேட்டா. 1775இல் டி கீர் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதை முதலில் விவரித்தார். ஆசியாவில் பிறந்த வண்டு இது. கப்பலேறிப் போய் மொரீசியசிலும் கரீபியன் தீவுகளிலும் குடியேறிவிட்டது. இஸ்ரேலில் அத்தித் தோட்டங்களைப் பாழாக்கியதும் இதுவே.

முதல் படி: எந்த மரம்?

வண்டின் நிறம், புள்ளி எல்லாம் அப்புறம். முதலில் அது எந்த மரத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். நீள்கொம்பு வண்டுகள் ஆளுக்குச் சில மரங்களைத்தான் நாடும் என்பதால், மரத்தின் பெயர் தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் ஐந்தாறு இனங்களுக்குள் சுருங்கிவிடும். படம் மட்டும் அனுப்பிவிட்டு மரத்தின் பெயரைச் சொல்லாமல் விடுபவர்கள் பாதித் தகவலை மறைத்துவிட்டே கேட்கிறார்கள்.

மா, பலா, அத்தி, இலவம் பஞ்சு, மல்பெரி: இவற்றில் பெரிய சாம்பல் நிற வண்டு என்றால் முதல் சந்தேகம் பேட்டோசெரா மேல்தான். அரவக்குறிச்சி, மூலனூர் பக்கத்து முருங்கையில் பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து குடைவது இதன் பங்காளியான பேட்டோசெரா ரூபஸ். இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பழைய மாதிரிகளில் புள்ளி நிறமும் மங்கிவிடுவதால், ஒரே ஒரு படத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முயலாதீர்கள்.

கருவேல மரத்தின் தூரிலும் வேரிலும் குடைவது செலோஸ்டெர்னா ஸ்கேப்ரேட்டர். காங்கேயம், தாராபுரம் வறண்ட பூமிக்காரர்கள் கவனிக்க வேண்டிய வண்டு இது. களிமண் கலந்த மங்கலான மஞ்சள் பழுப்பு நிறம், மேலே கரும்புள்ளிகள், தோள்பக்கம் சொரசொரப்பு. மாமரத்து வண்டை விடச் சின்னது. இளங்கொம்புகளின் பட்டையை ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாகக் கடித்துத் தின்னும். புழு கீழ்நோக்கி வேருக்குள் இறங்கும்; தூள் நிலமட்டத்தை ஒட்டி வெளியே வரும். சவுக்கிலும் இதைப் பார்க்கலாம்.

திராட்சை, மல்பெரி, ரோஜா, காகிதப்பூச் செடியில் உயிருள்ள தண்டைச் சுற்றி மோதிரம் மாதிரி அறுத்துவைத்து, அதற்கு மேலே உள்ள பகுதி காய்ந்துபோயிருந்தால் அது ஸ்தீனியாஸ் கிரிசேட்டர் வேலை. இரண்டு, இரண்டரை செ.மீ. நீளமுள்ள சாம்பல் பழுப்பு வண்டு. தாய் வண்டு தண்டை வளையமாக அறுத்து, மேல்பகுதியைச் சாகவைத்து, அதில் முட்டையிடும். இங்கே புழுவைத் தேடித் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. காய்ந்த பகுதியை வளையத்துக்குக் கீழே வெட்டி எரித்தால் போதும்.

வாகை, தூங்குமூஞ்சி மரங்களில் வருவது சிஸ்ட்ரோசெரா குளோபோசா. செம்பழுப்பு உடம்பில் பச்சையும் நீலமுமாக மின்னும் கோடுகள். ராத்திரியில் திண்ணை விளக்குக்கு வந்து விழும். ஏற்காடு, நீலகிரி, ஆனைமலைக் காபித் தோட்டங்களில் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்று பெயர் வாங்கியது சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ். மெலிந்த உடம்பு, வெள்ளை வரிகள். வெயில் அடிக்கும்போது சுறுசுறுப்பாக ஓடும். அராபிகா காபிக்கு இதுதான் பெரிய எதிரி; நிழல் குறைந்த இடத்தில் அதிகம் தாக்கும்.

இரண்டாம் படி: தூளையும் துளையையும் பாருங்கள்

மாமரத்தைச் சேதம் செய்வதில் பெரும்பங்கு புழுவுடையது. வண்டு கண்ணில் படும் காலம் சில மாதங்கள். புழுவின் தடயம் வருசம் பூராவும் மரத்தில் இருக்கும். அதனால் வண்டு கையில் இல்லாவிட்டாலும் அடையாளம் காண முடியும்.

அடிமரத்தையும் முதல் கவைகளையும் சுற்றி வந்து பாருங்கள். வெளியே தெரியும் வேர்களையும் விட்டுவிடக் கூடாது. பட்டையில் ஒரு இடத்தில் பிசின் வடிந்து கறுத்திருக்கும். அதன் கீழே அல்லது தூரில் மரத்தூள் குவிந்திருக்கும். அந்தத் தூளைக் கொஞ்சம் உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பேட்டோசெரா புழுவின் தூள் மாவாக இருக்காது; கொரகொரப்பாக, மரநார் கலந்து, சிம்பு சிம்பாக இருக்கும். புழு பட்டைக்கு அடியில் தின்னும் காலத்தில் தூள் பழுப்பாக இருக்கும். உள்ளே கட்டைக்குள் போன பிறகு வெளிறிய நிறத்துக்கு மாறும். தூள் ஈரமாகவும் வெளிர் நிறமாகவும் இருந்தால் புழு இப்போது உள்ளே உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது. காய்ந்து கறுத்துப்போய், சிலந்தி நூல் கட்டியிருந்தால் அது பழைய கதை. சந்தேகமாக இருந்தால் தூளைச் சுத்தமாகக் கூட்டித் தள்ளிவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வந்து பாருங்கள். புதுத்தூள் விழுந்திருந்தால் அந்தத் துளைதான் உங்கள் இலக்கு.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை நான்கு.

பட்டை தின்னும் புழு: மாமரத்திலும் முருங்கையிலும் மிகச் சாதாரணம். பட்டையின் மேல் பட்டுநூலும் எச்சமும் கலந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும். கவையில் ஒரு சின்னத் துளை இருக்கும். இது அந்துப்பூச்சியின் புழு. பகலில் துளைக்குள் பதுங்கி, இரவில் அந்த நாடாவுக்கு அடியில் வந்து பட்டையைத் தின்னும். நூல் கட்டிய நாடா இருந்தால் நீள்கொம்பு வண்டு இல்லை என்று உடனே தள்ளிவிடலாம்.

கறையான்: மண்ணால் கட்டிய பாதை தெரியும். மரத்தூள் கொட்டாது.

மரத்தச்சன் வண்டு என்று சிலர் சொல்லும் பெரிய கறுப்புத் தேனீ: காய்ந்த விட்டத்திலும் பட்ட கிளையிலும் அச்சில் வார்த்தது போன்ற வட்டத் துளை போடும். பச்சை மரத்துக்கு அதனால் சேதமில்லை. நம் தோப்பில் மகரந்தம் சேர்க்கும் உழைப்பாளி அது. அதைக் கொல்லவே கூடாது.

பொன்வண்டுக் குடும்பத்தின் புழு: இதுவும் பட்டைக்கு அடியில் குடையும். ஆனால் பாதையில் தூளை இறுக்கமாக அடைத்துக்கொண்டே போகும். முன்பக்கம் தட்டையாக அகன்றிருக்கும். வெளியேறும் துளை ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். நீள்கொம்பு வண்டு வெளியேறிய துளை வட்டமாகவோ முட்டை வடிவத்திலோ இருக்கும். பேட்டோசெராவின் துளையில் சுண்டுவிரல் தாராளமாக நுழையும்.

புழு கையில் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். பாலாடை நிறம், கருஞ்சிவப்புத் தலை, கால்கள் இல்லை. தலையின் பாதி அகன்ற மார்புக்குள் புதைந்திருக்கும். முழு வளர்ச்சியில் 8 செ.மீ. நீளத்தைத் தாண்டும். முதுகில் வளையத்துக்கு வளையம் புடைப்புகள் இருக்கும். கால் இல்லாத புழு அந்தப் புடைப்புகளைச் சுரங்கச் சுவரில் அழுத்திக்கொண்டுதான் நகர்கிறது. எருக்குழியில் கிடைக்கும் காண்டாமிருக வண்டின் புழு அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும், அதற்குக் கால்களும் உண்டு. இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மறுபடி சந்தேகம் வராது.

மூன்றாம் படி: வண்டைக் கையில் எடுத்து

இதன் கடைவாய் பட்டையை அறுக்கும் பலம் கொண்டது. விரல் தோலையும் கிழித்துவிடும். அதனால் முதுகுப் பக்கமிருந்து, தலைக்கு அடுத்த பாகமான முன்மார்பின் இருபுறமும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். பக்கத்துக்கு ஒரு முள் இருக்கும், குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்தவுடன் 'கிரீச், கிரீச்' என்று சத்தம் போடும். முன்மார்பின் விளிம்பை அடுத்த பாகத்தில் தேய்த்து எழுப்பும் ஒலி அது. தலை மேலும் கீழும் அசைவதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று புரியும்.

இப்போது வரிசையாகச் சோதியுங்கள். நான் பார்க்கும் வரிசை இதுதான், மாற்றாமல் செய்வது நல்லது.

தலை: முகம் நேர் கீழ்நோக்கி இருக்கிறதா? ஆம் என்றால் இது லாமியினே என்ற துணைக்குடும்பம். முகம் முன்னோக்கி நீண்டிருந்தால் வேறு கிளை. கண்ணைக் கிட்டத்தில் பாருங்கள்; உணர்கொம்பின் அடியைச் சுற்றி வளைந்து அவரை விதை வடிவில் இருக்கும். இந்த வளைவு நீள்கொம்பு வண்டுகளின் பொதுவான அடையாளம்.

உணர்கொம்பு: 11 கணுக்கள். ஆணுக்கு உடம்பை விட நீளம். பெண்ணுக்கு உடம்பளவுக்கு ஒட்டி இருக்கும். அடிப்பக்கம் விரலை ஓட்டினால் சின்னச் சின்ன முட்கள் தட்டுப்படும். ஆணிடம் இவை தூக்கலாக இருக்கும்.

முன்மார்பு: முடிவைச் சொல்லும் இடம் இது. சாம்பல் பழுப்புப் பின்னணியில், நடுக்கோட்டின் இருபுறமும் ஆரஞ்சு சிவப்பில் இரண்டு புள்ளிகள், பிறை மாதிரி வளைந்து. 'ரூஃபோமாக்குலேட்டா' என்ற பெயரே இந்தச் செம்புள்ளியால் வந்தது. பக்கவாட்டில் கூர்மையான ஒவ்வொரு முள்.

முன்மார்புக்கும் சிறகுக்கும் நடுவில் உள்ள சின்ன முக்கோணம்: வெள்ளையாக இருக்கும்.

மேல்சிறகு: தோள்பட்டையில் கூர்முனை. அடியில், அதாவது தோளை ஒட்டிய பகுதியில், பளபளக்கும் கறுப்புக் குருணைகள் நெருக்கமாக இருக்கும். விரலால் தடவினால் மணல்தாள் சொரசொரப்பு. பின்னால் போகப் போகக் குருணை குறைந்து மென்மையாகும். சிறகு மேல் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த புள்ளிகள் இருக்கும், ஆனால் இவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள். வண்டுக்கு வண்டு எண்ணிக்கையும் அளவும் மாறும். செத்த பிறகு நிறம் வெளுத்துவிடும்.

அடிப்பக்கம்: திருப்பிப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னாலிருந்து வயிற்றின் நுனி வரை இரண்டு பக்கமும் அகலமான வெள்ளைப் பட்டை ஓடும். பலரும் மேல்பக்கத்தை மட்டும் படமெடுத்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள்.

நீளம்: 3 முதல் 5.5 செ.மீ. வரை. ஒரே தோப்பில் பெரியதும் சிறியதும் கிடைக்கும். புழுவாக இருந்தபோது கிடைத்த தீனியைப் பொறுத்தது அது. அதனால் சின்னதாக இருக்கிறதே என்று வேறு இனமாக நினைக்க வேண்டாம்.

மாமரத்திலேயே இதைவிடப் பெரிதாக, ஒரே பழுப்பு நிறத்தில், புள்ளி எதுவுமில்லாமல், பெரிய கடைவாயோடு ஒரு வண்டைக் கண்டால் அது அகாந்தோபோரஸ் வகையாக இருக்கலாம். வேறு துணைக்குடும்பம், முகம் முன்னோக்கி இருக்கும்.

நான்காம் படி: சாட்சி சேர்த்தல்

நான்கு படம் போதும்: நேர் மேலிருந்து, பக்கவாட்டில், முகம், அடிப்பக்கம். கூடவே துளையும் தூளும் தெரிய மரத்தை ஒரு படம். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் வையுங்கள். நாணயம் வைக்கும் பழக்கம் நல்லதில்லை. ஒரு ரூபாய்க் காசே பலமுறை அளவு மாறியிருக்கிறது.

வண்டைப் பாதுகாத்து வைக்க நினைத்தால், டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஊசி குத்துவதானால் வலது மேல்சிறகின் வழியாகக் குத்துவதுதான் வழக்கம்; நடுவில் குத்தினால் முக்கியமான பாகங்கள் உடைந்துவிடும். புழுவைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, 70 சதவீத ஆல்கஹாலில் வைத்தால் கறுக்காது. ஊர், தேதி, மரம், எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு கட்டாயம் கூடவே இருக்க வேண்டும். சீட்டு இல்லாத வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படாது. ஆனைமலை, சத்தியமங்கலம் காப்புக்காடுகளுக்குள் எதையும் எடுக்காதீர்கள், படம் மட்டும் போதும்.

உறுதி செய்துகொள்ளக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையை அணுகலாம். அங்கே 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் பொதுமக்களும் பிள்ளைகளும் பார்க்கக் கூடியது. ஆர்.எஸ்.புரம் வனக்கல்லூரி வளாகத்துக் காஸ் வன அருங்காட்சியகம் 1902 முதல் இருக்கிறது. கோவையில் இருந்துகொண்டு அதைப் பார்க்காதவர்கள் ஏராளம், ஒருமுறை போய் வாருங்கள். ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் படத்தை ஏற்றினாலும் விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள்.

இதன் ஒரு வருச வாழ்க்கை

மழை தொடங்கும் காலத்தில், நம் பக்கம் வைகாசி, ஆனி என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டையைக் கடித்துக்கொண்டு வண்டு வெளியே வருகிறது. வந்ததும் முட்டையிடாது. இளங்கொம்புகளின் பச்சைப் பட்டையைக் கடித்துத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். இரவில்தான் அதிக நடமாட்டம். அப்புறம் தாய் வண்டு அடிமரத்திலோ பெரிய கிளையிலோ வெளியே தெரியும் வேரிலோ பட்டையைக் கடைவாயால் கீறி, கீறலுக்கு ஒரு முட்டை வீதம் வைக்கும். ஒரு தாய் 200 முட்டை வரை இடக்கூடியது. ஒன்றிரண்டு வாரத்தில் புழு வெளிவந்து பட்டைக்கு அடியில் தின்னத் தொடங்கும். சாறு ஓடும் பாதையே அங்கேதான் என்பதால் மரம் முதலில் வாடுவது இந்தக் கட்டத்தில். பிறகு கட்டைக்குள் இறங்கி மாதக்கணக்கில் குடைகிறது. முழு வளர்ச்சிக்குப் பின் உள்ளேயே அறை அமைத்துக் கூட்டுப்புழுவாகி, அடுத்த மழைக்கு வண்டாகிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வருசம்.

வயதான, பராமரிப்பில்லாத, ஏற்கெனவே காயம்பட்ட மரங்களைத்தான் இது அதிகம் தேடி வருகிறது. ஒரு பக்கத்துக் கிளை மட்டும் இலை பழுத்து உதிர்ந்தால் அந்தக் கிளையின் அடியில் தேடுங்கள். பல புழுக்கள் சேர்ந்துவிட்டால் முழு மரமும் போய்விடும்.

மரங்கொத்தி இதன் பரம எதிரி. பொன்முதுகு மரங்கொத்தி ஒரே மரத்தில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தால் அந்த மரத்தைக் கவனமாகச் சோதியுங்கள். உங்களுக்கு முன்னால் அது கண்டுபிடித்திருக்கும். தோப்போரத்தில் ஒன்றிரண்டு பட்ட மரம் இருந்தால்தான் மரங்கொத்தி அங்கே கூடு வைக்கும். அதையும் யோசித்து வெட்டுங்கள்.

அடையாளம் உறுதியான பிறகு

புதுத்தூள் வரும் துளையைக் கத்தியால் கொஞ்சம் அகலமாக்கி, நுனி வளைத்த சைக்கிள் கம்பியை உள்ளே விட்டு, சுரங்கத்தின் வளைவோடு போய்ப் புழுவைக் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். பொறுமையான வேலை, ஆனால் நிச்சயமான வேலை. கம்பி நுனியில் ஈரம் ஒட்டி வந்தால் புழு குத்துப்பட்டது என்று அர்த்தம். அதன்பின் துளையைக் களிமண்ணால் அடைத்து, காயத்தின் மேல் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லிப் பசையைப் பூசுங்கள். மழைக்கு முன்பாக அடிமரத்தின் உதிரும் பட்டைகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, தூரிலிருந்து மூன்றடி உயரத்துக்குத் தாரும் மண்ணெண்ணெயும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து பூசினால் தாய் வண்டு முட்டையிடத் தயங்கும். இலைமேல் மருந்தடிப்பது கட்டைக்குள் இருக்கும் புழுவை எட்டவே எட்டாது. அதனால் அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

புதிதாக நடுகிறவர்களுக்கு நீலமும் ஹுமாயுதீனும் இந்த வண்டைத் தாங்கும் மா ரகங்கள் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. மாந்தோப்பை ஒட்டி இலவ மரம் இருந்தால் வண்டுக்கு அது இன்னொரு வீடு. அகற்றச் சொல்வதுதான் பரிந்துரை. வெட்ட மனசில்லாதவர்கள் மாமரத்தைச் சோதிக்கும் போதெல்லாம் அதையும் சேர்த்துச் சோதித்தாக வேண்டும்.

காப்பாற்ற முடியாமல் வெட்டிய மரத்தைச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) பக்கத்தில் விறகாக அடுக்கிவைக்கிறோம். உள்ளே இருக்கும் வளர்ந்த புழு அந்த விறகிலேயே கூட்டுப்புழுவாகி, அடுத்த மழைக்கு வண்டாகி வெளியே வந்துவிடும். வெட்டிய கட்டையைச் சித்திரை முடிவதற்குள் பிளந்து, சுரங்கம் தெரியும் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து முதலில் எரித்துவிடுங்கள்.